கொழுப்பு வளைத்த சந்துகள்

கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் கொழுப்பு குடியிருந்தது. தன் உடம்பையே கண்ணுக்குத் தெரியாத சந்துகளாக வளைத்து வைத்திருந்தது. அங்கே தண்ணீரில் கரைந்தபடி பிளாட்டினம் வந்து சேர்ந்தது. உறைவதற்கு அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

"இந்தச் சந்துக்குள்ளயா? என் கௌரவத்துக்கு நான் முழுக்கட்டியா உறையணும்" என்றது பிளாட்டினம்.

"கட்டியா உறைஞ்சா உங்க வெளித்தோலை மட்டும்தானே நாலு பேர் தொடுவாங்க? சந்து சந்தா உறைஞ்சா உள்ளயும் வந்து தொடுவாங்க. உள்ள வாங்கண்ணே" என்றது கொழுப்பு.

வேறு போக்கிடம் இல்லாததால் பிளாட்டினம் முணுமுணுத்துக்கொண்டே நுழைந்தது. மின்சாரம் பாய்ந்ததும் சந்து சந்தாக உறைந்தது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பழகிப்போனார்கள்.

பிறகு எரிசாராயம் வந்தது. "கொழுப்பைக் கரைச்சுக் கூட்டிப்போக வந்திருக்கேன்" என்றது.

பிளாட்டினம் பதறிப்போனது. "போகாத தம்பி. நீ போனா நான் இடிஞ்சு விழுந்துடுவேன்."

"விழுந்தா நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கொழுப்பு கரைந்துபோனது.

பிளாட்டினம் விழுவதற்காகக் காத்திருந்தது. விழவில்லை. உள்ளே கொழுப்பு இருந்த இடமெல்லாம் வளைந்த சந்துகளாக வெறுமையாக இருந்தது.

அப்போது ஹைட்ரஜன் கூட்டமாக வாசலில் வந்து நின்றது. "உள்ள இடம் இருக்குமா?"

பிளாட்டினம் சொன்னது: "எல்லாரும் வாங்க. சுவரை மட்டும் பதமாத் தொடுங்க. என் தம்பி வளைச்சது."