இறங்கிக்கொண்டே வந்த விலை

"பாக்கத்தான் புதுசுங்க. வில்லியனூர் ரோட்டுல ஒரு தடவ போய்ட்டு வந்தா அடிப்பக்கம் பேந்து கையில வந்துடும்" என்றான் இராமதாஸ்.

விழுப்புரத்திலிருந்து கார் வாங்க வந்திருந்த ரைஸ்மில் முதலாளி குனிந்து பார்த்தார். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாக இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம்.

"பெட்ரோல் எவ்ளோ குடிக்கும்?"

"லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் குடுத்தாலே அதிகம். ஒரு கண்ணாடி ஒடஞ்சாலும் பாரீசுலேர்ந்துதான் வரணும். இருங்க, ஸ்டார்ட் பண்றேன். சத்தத்த நீங்களே கேளுங்க."

இன்ஜின் விக்கி விக்கி ஓடியது. அவர் வருவதற்கு முன்பே ஒரு பிளக் ஒயரை இராமதாஸ் தளர்த்தி வைத்திருந்தான்.

"அறுபதாயிரத்துக்கு நான் புது அம்பாசடராவே வாங்கிக்கிறேம்ப்பா" என்று முதலாளி கிளம்பிவிட்டார்.

இப்படிப் போனவர்களில் அவர் ஐந்தாவது ஆள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்து திரும்பிய உத்திராபதி, கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வண்டி அது. வரியெல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வந்து நான்கே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். வண்டி பாரீசில் இருந்த மகன் பேருக்கு மாறியது. 'நல்ல விலைக்கு வித்துடும்மா' என்று அவன் எழுதினான்.

வண்டியைப் பார்த்துச் சொல்ல, தட்டாஞ்சாவடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இராமதாசைத்தான் உத்திராபதியின் மனைவி தில்லையம்மாள் கூப்பிட்டனுப்பினாள். அன்று அவன் அந்த இன்ஜினைக் கிளப்பிக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று சுற்றி வந்தான். ஓடியிருந்தது இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குப் பிறகு அவனுக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய பியட்டுக்கும் ஜீப்புக்கும் அடியில் படுத்தே பதினெட்டு வருஷம் போனவன் அவன்.

ஒன்றரை லட்சம் என்று ஆரம்பித்த விலை, கடலூர் டாக்டர் வந்து போனபின் ஒரு லட்சமானது. சுகர்மில் அதிகாரி வந்து போனபின் எண்பது. ஆள் வருகிற செய்தி கிடைத்ததும் தில்லையம்மாளே சொல்லி அனுப்புவாள். இராமதாஸ் முன்னதாகவே வந்து ஒயரைத் தளர்த்துவான்; ஆள் போனதும் இறுக்கிவிடுவான்.

"இவரும் போய்ட்டாரா?" என்று அன்றும் காபியோடு வந்து நின்றாள்.

"என்னா பண்றது மதாம். நிக்க நிக்க வண்டிக்கு மதிப்பு கொறையும். அடுத்த வருஷம் இந்த வெலகூட போகாது."

"நீ சொன்னா சரிதான். அப்படியே மகனுக்கு எழுதிடறேன்."

அவன் காபியைப் பாதியோடு வைத்தான். நம்புகிற மனுஷியை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. ஆனால் இவ்வளவு நல்ல வண்டி, கியர் மாற்றத் தெரியாத ரைஸ்மில்காரன் கையில் சீரழிவதைவிடத் தன்னிடம் இருப்பது மேல் என்று சமாதானம் செய்துகொண்டான்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது விலை முப்பத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது. அப்புறம் யாரும் பார்க்கக்கூட வரவில்லை. இராமதாஸ் மூலக்குளத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றான். அவன் மனைவி அஞ்சலாட்சி, "ரெண்டு சீட்டு வண்டியில ரெண்டு புள்ளைங்கள எங்க உக்கார வைப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பணம் வைத்த மஞ்சள் பையோடு துய்மா வீதியில் இருந்த தில்லையம்மாள் வீட்டுக்குப் போனான்.

"மதாம், வெளியாளு யாரும் வர்ற மாதிரி தெரியல. நானே எடுத்துக்கறேன். முழுசா முப்பத்தஞ்சு இருக்குது."

தில்லையம்மாள் பையைத் தொடவில்லை.

"கடைசி வெலைய மகனுக்கு எழுதியிருந்தேன். நேத்துதான் பதில் வந்துச்சு. அந்தக் காசுக்கு விக்கறதுக்கு, வண்டி ஒனக்கே இருக்கட்டும்மா, இனிமே அதப்பத்திக் கேக்க மாட்டேன்னு எழுதிட்டான்."

இராமதாஸ் பையை இன்னும் முன்னால் நீட்டினான். "நீங்க வச்சிக்கிட்டு என்னா மதாம் பண்ணுவீங்க? நின்னே வீணாப் போயிடும்."

"நல்ல வெல கெடச்சிருந்தா வித்துத்தானே ஆகணும்? அதுக்குத்தான் ஊர்ல இத்தன மெக்கானிக் இருக்க, ஒவ்வொரு தடவையும் ஒன்னையே கூப்பிட்டேன். மொத நாளு நீ சாவியத் திருப்பிக் குடுக்க மனசில்லாம நின்ன பாரு, அப்பவே தெரிஞ்சுது, எவன் வந்தாலும் நீ வெரட்டிடுவேன்னு."

அவள் கேட்டுக்குள் நின்ற வண்டியின் கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு இடது பக்கத்து சீட்டில் பழகியவள்போல் உட்கார்ந்தாள். இன்ஜின் ஒரே தட்டில் சுத்தமாகக் கிளம்பியது.

"கேட்டைக் கொஞ்சம் தொறந்து வுடு தம்பி. நான் லைசென்சு எடுத்தே எட்டு மாசமாவுது."