கழற்றிய பட்டை

பகடை உருட்டி ஆடும் அந்தக் கதை விளையாட்டில், கதாபாத்திரத்துக்குத் தெரியாததை ஆடுபவர் பயன்படுத்திவிடக் கூடாதென்று எல்லோரும் தலையில் மறதிப்பட்டை கட்டிக்கொண்டார்கள்; அதைக் கழற்றும்வரை சொந்த வாழ்க்கை நினைவுக்கு வராது. பட்டை ஏறியதும் அமலனுக்குத் தன் கழுத்திலிருந்த கட்டியும், அதற்கு வரவேண்டிய பரிசோதனை முடிவும் மறந்துபோயின. கோடரி வீரனாக டிராகனைத் தேடிக் கிளம்பினான்.

ஆட்டத்தை நடத்திய அக்கா பியூலாவுக்கு மட்டும் பட்டை கிடையாது. பாதியில் அவள் போனுக்கு முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. இப்போது சொன்னால் அவனுக்குப் புரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்மேல் பாயவிருந்த டிராகனின் தீயைக் குறிதவற வைத்தாள்.

ஆட்டம் முடிந்து பட்டையைக் கழற்றியதும் அவன் முகம் கறுத்தது.

"அக்கா, ரிசல்ட்..."

"வந்துட்டுடா. வெறும் கொழுப்புக் கட்டிதானாம்."

அமலன் அவள் தோளில் சாய்ந்து அழுதான். பிறகு மூக்கைத் துடைத்தான்.

"இன்னொரு ஆட்டம் போடுவோம்க்கா. எனக்குப் பட்டை வேணாம். இத மறக்க எனக்கு மனசில்ல."

விதிகளில் கறாரான பியூலா, சரியென்று பகடையை அவனிடம் நீட்டினாள்.