ரேடியோ அலை வரும்வரை

“இன்னா மாப்ள, அந்த ரேடியோ அலை வந்துச்சா?”

மாமியார் சொர்ணம் வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி அம்பத்தூருக்கு வந்திருந்தார்.

“இன்னும் இல்லை அத்தை.”

பிளேசார் என்கிற தொலைதூர விண்பொருளின் ஒளி திடீரென்று கூடியதை அளந்தவள் என் மனைவி நாகவல்லி. அதே ஏற்றம் ரேடியோ அலையில் தெரிய மாதக்கணக்காகும் என்றாள். அதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் ஆய்வை நான் முடிக்கும்வரை அவள் தங்கையோடு மறுமணப் பேச்சே வேண்டாம் என்றிருந்தேன்.

“சின்னவளுக்கும் வயசு ஏறிகினே போவுது. அந்த நட்சத்திரத்துக்கு இன்னும் எவ்ளோ நாளு காத்துகினு கீறது?”

“அது நட்சத்திரம் இல்லை அத்தை.”

“இன்னா கண்றாவியோ! வந்ததும் சொல்லு நைனா, பரிசம் போட்டுடலாம்.”

தலையாட்டினேன். ஸ்டேஷன்வரை போய் ரயிலேற்றிவிட்டேன்.

நாகவல்லி சொன்னபடியே ரேடியோ அலை கூடி, தணிந்தும் போய் ஒரு வருடமாகிறது.