கதை முடியும்வரை

காலையில் பாலாமணி தன் கணவன் நல்லசாமியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டினாள்.

"எதுக்கு இது?"

"சாமி கயிறுங்க. அவுத்துப் போட்றாதீங்க."

எஸ்டேட் சூப்பர்வைசரான அவனுக்கு மேற்கொண்டு கேட்க நேரமில்லை. சிலோனிலிருந்து வந்த ஏழு குடும்பங்களை அன்றைக்குள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து காலி செய்யவைக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

லயத்திலோ ஒருவரும் மூட்டை கட்டவில்லை. எஸ்டேட்டின் மொத்தச் சனமும் வாசலில் உட்கார்ந்து, கூத்துக்காரர் செல்லையா பாடிப் பாடிச் சொன்ன ராசா கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது. திருவிழா மாதமும் இல்லை. நல்லசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னய்யா நடக்குது இங்க?"

"கூத்துக்குக் காப்புக் கட்டியாச்சுங்கய்யா" என்றாள் கிழவி சின்னம்மை. "கதை முடியிற வரைக்கும், காப்புக் கட்டினவங்க எல்லையைத் தாண்டக் கூடாது."

"எப்ப முடியும்?"

"ராசா இன்னும் பொறக்கவே இல்லையே!"

"போலீசோட வர்றேன், இருங்க!" என்று திரும்பினான்.

"நீங்களும் தாண்டக் கூடாதுங்கய்யா."

சின்னம்மை சுட்டிக்காட்ட, தன் மணிக்கட்டிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். எல்லார் கையிலும் அதே மஞ்சள் கயிறு.

முன்வரிசையில் இருந்த பாலாமணி நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்து உக்காருங்க. ராசாவோட அம்மாவுக்கு இப்பத்தான் இடுப்புவலி கண்டிருக்குது."