அரை டம்ளர்

புதிதாக வருகிறவர்களுக்குக் கை நடுங்கும் என்பதால் சேவியர் அண்ணாச்சி அவர்களுக்கு அரை டம்ளர் டீதான் ஊற்றுவார். காரணத்தைச் சொல்லமாட்டார். குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடும் அந்தப் பள்ளிக்கூட அறையில் தங்கப்பழத்துக்கு முதன்முதலாக முழு டம்ளர் கிடைத்த அன்று, அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறான். அதற்கப்புறம் நாலு வருசமாக முழு டம்ளர்தான்.

இன்றைக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் வாயில் அடக்கிய ஏலக்காயுமாக வந்திருந்தான். வியாழக்கிழமை குடித்தது மனைவிக்குத் தெரியாது. வெள்ளியும் சனியும் குடித்ததும்தான். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டான்.

அண்ணாச்சி அவன் பக்கத்தில் பெஞ்சிலேயே டம்ளரை வைத்து ஊற்றினார். பாதியில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எனக்குமா அரை?" என்று சிரித்தான்.

அவர் விளிம்புவரை ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

அவன் முறை வந்தது. "என் பேரு தங்கப்பழம். நான் ஒரு குடிகாரன். குடிச்சு நாலு வருசமாச்சு." எல்லோரும் கை தட்டினார்கள். அரை டம்ளரோடு எதிரே இருந்த புது ஆள், சாமியைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே வந்த அண்ணாச்சி, நிறைந்திருந்த அந்த ஒன்றின் முன்னால் நின்றார். பிறகு எதிரே உட்கார்ந்தார்.

"மெதுவாக் குடி தம்பி. நான் இருக்கேன்."

தங்கப்பழம் கைகளை வெளியே எடுக்கவில்லை. அதே பெஞ்சில் இருந்த டீயின் மேல் படிந்த ஆடை நடுங்கிக்கொண்டே இருந்தது.