ஆர்செனிக் உள்ளது

இயந்திரத்துக்குள் தீ பற்றிக்கொண்டது.

சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான தீ. விரல் நீளம்தான் இருக்கும். அதற்குள் ஒரு மீனவனின் ரத்தம் துளித்துளியாகப் போய்க்கொண்டிருந்தது.

தடயவியல் ஆய்வகத்தில் அவள் நின்றபடியே திரையைப் பார்த்தாள். உட்கார மனம் வரவில்லை.

இந்த ரத்தத்தைப் போன மாதம் சோதித்தவளும் அவள்தான். ‘ஆர்செனிக் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டே சொல். இரண்டும் உண்மை.

இரவு சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. அந்தத் தாளை வைத்து அவன் மனைவி பிரகாசியைக் கைது செய்தார்கள். சோற்றில் விஷம் வைத்தாள் என்று வழக்கு. பதினெட்டு நாளாகச் சிறையில் இருக்கிறாள்.

நேற்று வேறொரு கோப்புக்காகப் போன் செய்த இன்ஸ்பெக்டர் இசக்கிமுத்து பேச்சுவாக்கில் சொன்னார்.

“கடைசியாத் தின்னது நண்டுக் குழம்பு மேடம். அதுலதான் கலந்திருக்கா.”

நண்டு.



நண்டிலும் ஆர்செனிக் உண்டு. உடம்பை ஒன்றும் செய்யாத ஆர்செனிக். மொத்தமாக அளந்தால் அதுவும் விஷமும் ஒன்றாகத்தான் தெரியும். அவள் மொத்தமாகத்தான் அளந்திருந்தாள். பதினாறு வருஷ சர்வீஸ். வெட்கக்கேடு.

இன்று பிரித்து அளக்கிறாள். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது வரும். கடலில் இருந்து வந்தது முதலில். விஷம் அதற்குப் பிறகு.

இரண்டாவது நிமிடம் கோடு மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போய்த் திரையின் உச்சியைத் தொட்டு இறங்கியது.

இனி விஷத்தின் நேரம்.

மூன்று. நான்கு.

கோடு படுத்தே கிடந்தது.

எட்டு. பத்து.

ஒன்றுமே இல்லை.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. ஒரு மாதமாகக் குளிர்பெட்டியில் குப்பிக்குள் கிடந்த ரத்தம். ஆள் போன பிறகும் அவன் தின்ற நண்டை அது பத்திரமாக வைத்திருந்தது. நண்டின் ஆர்செனிக்கை இவ்வளவு பெரிய அளவில் அவள் எந்த ரத்தத்திலும் கண்டதில்லை.

இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டாள். விஷம் இல்லை என்றாள். தப்பு என்னுடையது என்றாள்.



“அவளே ஒத்துக்கிட்டாளே மேடம். ‘அவிய போதும்னுதான் சொன்னாவ, நாந்தான் இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துனேன், நாந்தான் கொன்னுட்டேன்’னு இன்னிக்கு வரைக்கும் அழுதுக்கிட்டுக் கெடக்கா.”

அவள் போனை வைத்தாள்.

புதிய அறிக்கையை அடித்தாள். விஷ ஆர்செனிக் இல்லை. கடல் உணவில் இயல்பாக இருப்பது மட்டுமே உள்ளது. முந்தைய அறிக்கையில் நேர்ந்த பிழைக்கு நானே பொறுப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் எழுதும் வழக்கம் அந்த ஆய்வகத்தில் இல்லை.

இன்னும் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

‘இறந்தவர் அன்று வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார்.’