கருப்புக் காது

இன்ஸ்டாகிராமில் போடுவதற்காகத் தான் வரைந்த படத்தைப் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கியபோதுதான் குருசாமிக்குக் கண்ணில் பட்டது. காது மாறியிருந்தது.

பனியன் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி அனுப்பிய போட்டோவில் நாய்க்கு இடது காது கருப்பு. சுவரில் மாட்டியிருக்கும் கேன்வாஸில் வலது காது கருப்பு.

போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெள்ளியங்கிரி தன் வீட்டு ஹால் நடுவே கையைக் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்து நின்றார்.

குருசாமி இப்போது வெறும் குருசாமி இல்லை. 'ஓவியர் குரு'. பிடரியில் குடுமி, கழுத்தில் ருத்ராட்சம். படத்தை ஒப்புக்கொண்ட அன்று, "ஸ்கேலு, ரப்பரு ஒண்ணுந் தொட மாட்டனுங்க. சீவனோட கண்ணைப் பாத்தாப் போதும், கை தானா ஓடிருமுங்க" என்று சொல்லியிருந்தார்.

கை ஓடத்தான் செய்தது. போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கேன்வாஸில் ஒட்டி, அடியில் கார்பன் பேப்பரைச் செருகி, மை தீர்ந்த பேனாவால் கோட்டு மேலேயே ஓடியது.

அதுகூடப் பரவாயில்லை. பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் பழைய விரல் ஒரு வேலை பார்த்துவிட்டது.

குரு ஆவதற்கு முன் அவர் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் யூனிட்டில் டிசைனர். அங்கே டிரான்ஸ்பர் பேப்பரைக் குப்புறப் போட்டுத்தான் பனியனில் சூடு வைப்பார்கள். அதனால் எந்தப் படத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி முதலில் திருப்பிவிட வேண்டும். கரடி, பூனை, கார், கப்பல் என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பழகிய விரல், நாயையும் திருப்பிவிட்டது. கார்பன் பேப்பருக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. கொடுத்ததைக் கொடுத்தபடி இறக்கிவிட்டது.

கண்ணால் பார்த்து வரைகிறவனுக்கு மூக்கு கோணும், வால் நீளும். முழு நாயே இடம் வலம் மாறுமா? ஊரில் இருக்கிற முதலாளிகளில் பாதிப் பேர் பிரிண்டிங் தெரிந்தவர்கள். ஒருத்தர் கண்டுபிடித்தால் போதும், குடுமியை வெட்டிக்கொண்டு பழைய யூனிட்டுக்கே போக வேண்டியதுதான்.

ஒரே ஆறுதல், எங்கேயும் குரைப்புச் சத்தம் இல்லை. கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மட்டும் புத்தம் புதுசாகத் தொங்கியது.

வெள்ளியங்கிரி படத்தின் பக்கத்தில் போனார். காதை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் ஹால் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

குரு ருத்ராட்சத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க குரு," முதலாளியின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியிருந்தது. "இது என்ன சாதி நாயிங்க?"

"என்னங்க?"

"நாளைக்கு நம்ம பனியன் வாங்கற ஜெர்மன் பையரு ஊட்டுக்கே சாப்பிட வர்றாருங்க. மனுசனுக்கு நாயின்னா உசுரு. எங்கூட்லயும் ரொம்ப வருசமா ஒண்ணு வளருதுன்னு பேச்சுவாக்குல சொல்லிப்போட்டேன். ஆர்டரே அதுலதான் நிக்குது. உங்களுக்கு அனுப்புன போட்டோகூட நெட்டுல எடுத்ததுதானுங்க."

கம்ப்ரசர் குழாயைப் பிடுங்கினாற்போல் குருவின் மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது. குடுமியை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.

"நல்ல உசந்த சாதிங்க," என்றார்.

வெள்ளியங்கிரியின் முகம் மலர்ந்தது. சுவரிலிருந்த படத்தைப் போனில் பிடித்து அனுப்பிவிட்டு, தாராபுரத்து நாய் வியாபாரியைக் கூப்பிட்டார்.

"சாம்பிள் அப்ரூவ் ஆயிருச்சுங்க, அனுப்பியிருக்கறன் பாருங்க. நாளைக்குக் காலைல சரக்கு இங்க இருக்கோணும். சைஸு, கலரு இம்மி மாறுனாலும் ரிஜெக்ட்டுங்க. அந்தக் கருப்புக் காதை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

"வலது காதுங்க!" என்று குரு பின்னாலிருந்து உரக்க எடுத்துக் கொடுத்தார்.